புயல் கூண்டு ஏறுவதற்கு முன்னாடியே செட்டைக் கழற்றிவிடுங்கள்

ஐப்பசி நெருங்கிவிட்டால் நாகப்பட்டினம், அக்கரைப்பேட்டை, கீச்சாங்குப்பம் பக்கம் எல்லோருக்கும் ஒரே பேச்சு படகுதான். கயிறு தாங்குமா, நங்கூரம் பிடிக்குமா, கடுவையாற்றுக்குள் எந்த இடத்தில் கட்டினால் பக்கத்துப் படகு வந்து இடிக்காது, டயர் எத்தனை தொங்கவிட வேண்டும் என்று இப்படியே போகும். நியாயமான கவலைதான், மரமும் இரும்பும் போனால் குடும்பமே போன மாதிரி. ஆனால் கேபினுக்குள் இருக்கிற ஜிபிஎஸ், ஆழமும் மீனும் காட்டுகிற எக்கோ சவுண்டர், வயர்லெஸ், பேட்டரி, இதற்கெல்லாம் ஓடுகிற வயர் பற்றி அந்த நேரத்தில் யாரும் வாய் திறப்பதில்லை. புயல் போன மறுநாள்தான் சாக்கில் போட்டுத் தூக்கிக்கொண்டு வருவார்கள். இந்த செட்டுகளைப் பொருத்துவதும் பழுது பார்ப்பதும்தான் என் தொழில், பழையாறு முதல் மல்லிப்பட்டினம் வரைக்கும் போய் வேலை செய்கிறவன். அதனால் மேசை மேல் நான் பார்த்ததை வைத்தே சொல்கிறேன்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையேறியது. தென்னை விழுந்ததை ஊரே பார்த்தது. துறைமுகத்தில் படகுகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கிடந்தன, மல்லிப்பட்டினம், சேதுபாவாசத்திரம் பக்கம் நொறுங்கிப் போனவை ஏராளம். அதற்குப் பிறகு வந்த வாரங்களில் எனக்கு வந்த செட்டுகளில் ஒரு விஷயம் திரும்பத் திரும்பக் கண்ணில் பட்டது. படகே மூழ்கிப் போனதில் இருந்து வந்த செட்டுகள் செத்துக் கிடந்தது ஆச்சரியமில்லை. ஆனால் படகு நிமிர்ந்துதான் நிற்கிறது, கேபின் கண்ணாடி மட்டும் உடைந்திருக்கிறது, உள்ளே அடித்தது உப்புச் சாரல்தான், அப்படியும் செட்டு எழுந்திருக்கவில்லை என்று வந்தவை நிறைய. பின்பக்கத்தைக் கழற்றிப் பார்த்தால் எல்லாவற்றிலும் ஒரே காட்சி. பவர் வருகிற பிளக்கில் நாலைந்து பின் இருக்கும், அதில் பாசிட்டிவ் பின் மட்டும் இல்லை. உடையவில்லை, கரைந்தே போயிருக்கும், அந்த இடத்தில் பச்சைக் களிம்பு பசை மாதிரி ஒட்டியிருக்கும். பக்கத்துப் பின்களெல்லாம் கொஞ்சம் கறுத்ததோடு சரி.

காரணம் எளிது. உப்புத் தண்ணீர் நன்றாகவே மின்சாரத்தைக் கடத்தும். பேட்டரி இணைப்பு அப்படியே இருக்கும்போது அந்த ஈரத்தின் வழியே பாசிட்டிவில் இருந்து நெகட்டிவுக்குக் கரண்ட் கசிந்துகொண்டே இருக்கும், கசியக் கசியப் பாசிட்டிவ் பக்கத்துச் செம்பு கரையும். வெறும் உப்புத் தண்ணீர் பட்டால் துரு பிடிக்க நாள் ஆகும். கரண்டோடு சேர்ந்து பட்டால் ஒரு ராத்திரி போதும். செட்டை ஆஃப் செய்துவிட்டுத்தானே வந்தோம் என்பார்கள். சுவிட்சை ஆஃப் செய்தாலும் பிளக் வரைக்கும் 12 வோல்ட் வந்து நின்றுகொண்டுதான் இருக்கும். ஆகவே புயலுக்கு முன்னால் வேறு எதற்குமே நேரம் இல்லை என்றால்கூட பேட்டரி டெர்மினலைக் கழற்றி வைத்துவிட்டு வாருங்கள், முதலில் நெகட்டிவ், அப்புறம் பாசிட்டிவ். அந்த ஒரு வேலையே பாதிச் செட்டைக் காப்பாற்றும். செட்டையும் கழற்றிக் கையோடு கொண்டுவந்துவிட்டால் முழுசாகக் காப்பாற்றும்.

கஜாவுக்குப் பிறகு கீச்சாங்குப்பத்துப் படகு டிரைவர் ஒருவர், என்னைவிட வயதில் ரொம்பப் பெரியவர், நனைந்த ஜிபிஎஸ்ஸைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். "தம்பி, செட்டு போனா போவுது, புதுசு வாங்கிக்கலாம். உள்ள இருக்குற பாயிண்ட மட்டும் எப்படியாவது எடுத்துக் குடு" என்றார். பாயிண்ட் என்றால் ஜிபிஎஸ்ஸில் அழுத்திச் சேமித்து வைத்த இடம். மீன் கிடைக்கிற கடலடிப் பார், வலை மாட்டுகிற கல், கடலுக்கடியில் மூழ்கிக் கிடக்கிற பழைய படகு, எல்லாம் அந்தப் பாயிண்ட்டுகளாகத்தான் இருக்கும். அவர் அப்பா காலத்தில் கரையில் தெரிகிற கோபுரத்தையும் பனையையும் வைத்துக் கணக்குப் பண்ணியதை இவர் ஒவ்வொன்றாகப் போய் அழுத்தி வைத்தவர். செட்டுக்குக் கடையில் விலை உண்டு, இதற்கு எந்தக் கடையிலும் விலை கிடையாது. அவருடையதில் மெமரி இருந்த போர்டு தப்பித்திருந்ததால் எடுக்க முடிந்தது. எல்லோருக்கும் அப்படி அமையவில்லை, கையை விரித்துத் திருப்பி அனுப்பியவர்களின் முகம் இன்னும் மறக்கவில்லை.

ஆகையால் புயல் காலத்துக்கு முன் செய்ய வேண்டிய வேலைகளில் முதல் வேலை பாயிண்ட்டைப் பிரதி எடுப்பது என்றே சொல்வேன். மெமரி கார்டு போடுகிற செட்டாக இருந்தால் கார்டில் ஏற்றிக்கொள்ளலாம், அந்தக் கார்டை செட்டிலேயே விட்டுவிட்டு வராதீர்கள். பழைய செட்டாக இருந்தால் பாயிண்ட் பட்டியலைப் பக்கம் பக்கமாகச் செல்போனில் படம் எடுங்கள், அப்புறம் பால்பாயிண்ட் பேனாவால் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். மை பேனா வேண்டாம், ஈரம் பட்டால் ஓடிவிடும். பாயிண்ட் ரகசியம் என்று தெரியும், டிரைவர் யாருக்கும் காட்ட மாட்டார், என்னிடம் வந்தாலும் அவர் கண்முன்னால் எடுத்து அவர் கையிலேயே கொடுத்துவிடுவேன். நோட்டு அவர் வீட்டுப் பெட்டியில் இருந்தால் போதும்.

எழுதும்போது ஒன்றில் மிகவும் கவனமாக இருக்க வேண்டும். நம் படகுகளில் பெரும்பாலும் டிகிரி, நிமிடம், நிமிடத்தின் தசமம் என்ற முறையில்தான் செட்டு இருக்கும். 10 டிகிரி 45.500 நிமிடம் என்று திரையில் இருப்பதைப் படித்து எழுதுகிற பையன் அவசரத்தில் 10.45500 என்று எழுதிவிடுவான். புதுச் செட்டு வாங்கி அது வெறும் டிகிரி முறையில் இருந்து, அதில் இதை அப்படியே ஏற்றினால் என்ன ஆகும்? 10.45500 டிகிரி என்பது 10 டிகிரி 27.3 நிமிடம். வித்தியாசம் 18 கடல் மைலுக்கு மேல், அதாவது 33 கிலோமீட்டருக்கும் அதிகமாகத் தெற்கே காட்டும். வலை கிழிவதை விடுங்கள், கோடியக்கரைக்குக் கிழக்கே தொழில் செய்கிறவர் அவ்வளவு தெற்கே போனால் இலங்கைக் கடல் எல்லைக் கோட்டையே தாண்டிவிடக்கூடும். அதற்கப்புறம் என்ன நடக்கும் என்று நம் கரையில் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. நோட்டின் முதல் பக்கத்திலேயே இது டிகிரி நிமிடக் கணக்கு என்று பெரிதாக எழுதிவிடுங்கள்.

இதையெல்லாம் எப்போது செய்வது? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரைக்கும் தடைக்காலத்தில் படகு கரையில் இருக்கும்போது வயரிங் வேலையை முடித்துவிட வேண்டும். ஈயம் பூசிய செம்பு வயர் போடுங்கள், சாதா வீட்டு வயர் போட்டால் இரண்டே வருடத்தில் உறைக்குள்ளேயே கறுத்துவிடும், வெளியே பார்த்தால் புதிது மாதிரி இருக்கும். ஒவ்வொரு வயரிலும் எது எதற்குப் போகிறது என்று அடையாளம் கட்டுங்கள். வயர் கேபினுக்குள் நுழைகிற இடத்தில் கொஞ்சம் கீழே தொங்கவிட்டு வளைத்து மேலே கொண்டுபோனால் மழைத்தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும், செட்டு வரைக்கும் ஓடாது. எனக்குத் தெரிந்து இந்த வளைவை விட மலிவான பாதுகாப்பு வேறு இல்லை, வைக்காத படகுதான் அதிகம்.

இரண்டாவது முறை பார்க்க நல்ல நாள் ஆயுத பூஜை. எப்படியும் அன்றைக்குப் படகைக் கழுவி, இன்ஜினுக்கும் செட்டுக்கும் சந்தனம் குங்குமம் வைப்போம், மழை தொடங்க அதற்கப்புறம் கொஞ்ச நாள்தான் இருக்கும். துடைக்கிற கையோடு எல்லாப் பிளக்கையும் ஒரு தரம் கழற்றி மாட்டுங்கள். ஸ்டாண்டில் செட்டைப் பிடித்திருக்கிற திருகுகள் உப்பில் இறுகிக் கிடக்கும், அதைத் தளர்த்திக் கொஞ்சம் கிரீஸ் தடவி வையுங்கள். கழற்ற வராத திருகோடு அவசரத்தில் மல்லுக்கட்டி வயரை அறுத்து எடுத்துக்கொண்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். எக்கோ சவுண்டரின் டிரான்ஸ்டியூசர் (படகின் அடியில் இருந்து ஒலியை அனுப்பி வாங்குகிற பாகம்) கேபிளை மட்டும் எக்காரணம் கொண்டும் அறுக்காதீர்கள். அதில் உள்ளே வலைப்பின்னல் மாதிரி ஒரு உறை ஓடும், ஒட்டுப் போட்டால் முன்பு மாதிரி ஆழமும் மீனும் சுத்தமாகக் காட்டாது, மாற்ற வேண்டும் என்றால் படகைக் கரையேற்ற வேண்டும்.

கடைசி நேரம் என்றால் எது கடைசி என்பதற்கும் கணக்கு இருக்கிறது. இந்திய வானிலை ஆய்வு மையம் புயல் பற்றிய முன்னெச்சரிக்கையை 72 மணி நேரத்துக்கு முன்பும், அடுத்த கட்ட எச்சரிக்கையை 48 மணி நேரத்துக்கு முன்பும், புயல் எச்சரிக்கையை 24 மணி நேரத்துக்கு முன்பும் கொடுக்கிறது. முதல் அறிவிப்பு வந்ததும் பாயிண்ட் நோட்டைச் சரிபாருங்கள், 48 மணி அறிவிப்பில் செட்டைக் கழற்றுங்கள். துறைமுகத்தில் பெரிய எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருந்தால் அதற்குள் வாடைக்காற்று ஏறிவிடும், படகுக்குப் படகு தாவி உள்ளே போவதே ஆபத்து. ஒரு செட்டுக்காக உயிரைப் பணயம் வைக்க வேண்டாம், 24 மணி எச்சரிக்கைக்குப் பிறகு படகில் யாரும் இருக்கக்கூடாது.

கழற்றும்போது முதலில் செல்போனில் பின்பக்க இணைப்புகளைப் படம் எடுங்கள், செட்டின் சீரியல் நம்பரையும் பில்லையும் சேர்த்தே எடுங்கள், பின்னால் காப்பீட்டுக்கோ சேதக் கணக்கெடுப்புக்கோ அது கையில் இருந்தால் பேச்சு நீளாது. படகிலேயே தங்கிவிடுகிற பிளக்குகளின் வாயை அப்படியே விடக்கூடாது, உலர்த்தித் துடைத்து, வாசலின் லேசாகத் தடவி, சின்னப் பிளாஸ்டிக் பை போட்டு, வாய் கீழ்நோக்கி இருக்கும்படி கட்டுங்கள். பையை மேலும் கீழும் இறுக்கிக் காற்றுப் புகாமல் கட்டினால் உள்ளே வேர்த்து அதுவே தண்ணீராகும், கீழே கொஞ்சம் இடம் விடுங்கள்.

ஆன்டெனாவைக் கழற்ற முடிந்தால் கழற்றிவிடுங்கள், காற்றில் முதலில் முறிவது அதுதான். ஐப்பசி மழையில் இடியும் சேர்ந்து வரும், படகிலேயே உயரமாக நிற்பதும் அதுதான், அதனால் புயல் இல்லாத நாளிலும் இடி இடிக்கும்போது கரையில் கட்டிக் கிடக்கிற படகில் வயர்லெஸ்ஸின் ஆன்டெனா கேபிளைச் செட்டில் இருந்து பிடுங்கி வைப்பது நல்லது. மேலே இருக்கிற கனெக்டரை ஒட்டுகிற கறுப்பு டேப்பால் சுற்றினால் வெயிலில் பசை இளகிப் பிரிந்துவிடும், தன்னோடு தானே ஒட்டிக்கொள்கிற ரப்பர் டேப் என்று ஒன்று கிடைக்கிறது, அதைச் சுற்றுங்கள்.

பேட்டரியை வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவதுதான் என் யோசனை, கனமாக இருக்கும், இரண்டு பேர் வேண்டும். முழுதாக ஏற்றி வைத்த பேட்டரி ஓய்வாக இருக்கும்போது 12.6 வோல்ட் பக்கம் காட்ட வேண்டும், 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது என்று அர்த்தம். கஜாவுக்குப் பிறகு பல ஊர்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை, வீட்டில் படகு பேட்டரி இருந்தவர்கள் தெருவுக்கே செல்போன் சார்ஜ் போட்டுக் கொடுத்தார்கள். பேட்டரி படகிலேயே இருந்து உப்புத் தண்ணீரில் மூழ்கிவிட்டதா, அதை வெளியே எடுத்துத் துடைத்து அப்படியே சார்ஜில் போடாதீர்கள். உப்பு உள்ளே போயிருந்தால் குளோரின் வாயு கிளம்பும், இன்ஜின் அறை மாதிரி மூடிய இடத்தில் அது நுரையீரலைப் பொசுக்கிவிடும். அதைப் பழைய பேட்டரி எடுக்கிறவரிடம் போட்டுவிடுவதே சரி.

வீட்டில் எங்கே வைப்பது என்பதும் யோசிக்க வேண்டியதுதான். கஜாவில் கரையோர வீடுகளில் கூரை ஓடுகளும் ஆஸ்பெஸ்டாஸும் பறந்தன, பரணில் வைத்தது நனைந்தது. தரையில் வைத்தால் கடல் ஏறி வரும். கான்கிரீட் வீடு உள்ள உறவினர் வீட்டில் இடுப்புக்கு மேல் உயரத்தில், துணியில் சுற்றி மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில், செருப்பு டப்பாவில் வருமே அந்த சிலிக்கா ஜெல் பொட்டலங்களைப் போட்டு வையுங்கள். கையடக்க ஜிபிஎஸ் வைத்திருக்கிற பைபர் படகுக்காரர்களுக்கு இது சுலபம், ஆனால் உள்ளே இருக்கிற பென்சில் செல்லைக் கழற்றிவிட்டு வையுங்கள், மழைக்காலம் முழுக்க உள்ளேயே கிடந்தால் ஒழுகி ஸ்பிரிங்கைத் தின்றுவிடும்.

படகு இருக்கிற இடத்தைக் கரைக்குச் சொல்கிற டிரான்ஸ்பாண்டர் பற்றிக் கேட்பார்கள். அது மீன்வளத்துறை வழியாகப் பொருத்தியது, நீங்களாகக் கழற்ற வேண்டாம், துறை அலுவலகத்தில் சொல்லிவிட்டு அவர்கள் சொல்கிறபடி செய்யுங்கள். உங்கள் வேலை அதற்குப் போகிற வயரும் பியூஸும் நன்றாக இருக்கிறதா என்று பார்ப்பது. செல்போனில் புளூடூத் வழியாக இணைத்துப் பார்த்தால் இருக்கிற இடம் காட்டுகிறதா என்று கரையிலேயே தெரிந்துவிடும். 2017 ஒக்கி புயலில் ஆழ்கடலில் இருந்த கன்னியாகுமரி ஆட்களுக்குச் சேதி போய்ச் சேராமல்தான் அத்தனை உயிர் போனது, அதற்கப்புறம்தான் இந்தக் கருவிகளுக்கே வேகம் பிறந்தது. இஸ்ரோ உருவாக்கிய ஆபத்துக் கால டேட் கருவி வைத்திருந்தால் அதை வீட்டில் பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள், தவறி அழுத்தினால் சென்னையில் கடலோரக் காவல்படைக்குச் சேதி போய், உண்மையில் தவிக்கிறவனைத் தேட வேண்டிய நேரம் வீணாகும்.

இவ்வளவும் மீறி செட்டு நனைந்துவிட்டால் செய்யக்கூடாத முதல் வேலை, எரிகிறதா பார்ப்போம் என்று ஆன் செய்வது. இரண்டாவது, அரிசி மூட்டைக்குள் புதைப்பது. நெல் விளைகிற ஊரில் எல்லோருக்கும் தோன்றுவது அதுதான், ஆனால் அரிசி உப்பை எடுக்காது. உள்ளே உப்பு இருக்கிற வரைக்கும் அது காற்றில் இருக்கிற ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், காய்ந்த மாதிரி தெரியும், கார்த்திகைப் பனியில் மறுபடி ஈரமாகும். செட்டு தண்ணீர் புகாதது என்று டப்பாவில் போட்டிருப்பதை நம்பியும் இருக்க வேண்டாம். அதில் போட்டிருக்கிற தர எண் ஐபிஎக்ஸ் 7 என்றால் ஒரு மீட்டர் ஆழ நல்ல தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும் என்பதுதான் சோதனை, அதுவும் ரப்பர் வளையம் புதிதாக இருக்கும்போது. வெயிலில் வருடக்கணக்கில் காய்ந்த வளையத்துக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. ஆகவே நனைந்த செட்டை வெளிப்புறம் நல்ல தண்ணீரில் அலசி, பிளக் வாயையும் அலசி, உடனே திறந்து சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொண்டுபோங்கள். நாங்கள் போர்டை வெளியே எடுத்து டிஸ்டில்டு வாட்டரில் கழுவி, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் துடைத்து, நிழலில் ஃபேன் காற்றில் காயவைப்போம். முதல் நாளே வந்தால் பிழைக்க வாய்ப்பு அதிகம், ஒரு வாரம் கழித்து வந்தால் களிம்பு உள்ளே ஓடிவிட்டிருக்கும்.

புயல் போய்த் திரும்ப மாட்டும்போது அவசரம் வேண்டாம். கழற்றும்போது எடுத்த படத்தைப் பார்த்து மாட்டுங்கள், எரிந்த பியூஸுக்குப் பதில் செம்புக் கம்பியைச் சுற்றாதீர்கள். வயர்லெஸ்ஸில் ஆன்டெனா மாட்டாமலோ, முறிந்த ஆன்டெனாவோடோ பேசினால் போகிற சக்தி திரும்பி வந்து செட்டின் கடைசி டிரான்சிஸ்டரைச் சுட்டுவிடும், முதலில் கேபிளின் நுனியை வெட்டிப் பாருங்கள், உள்ளே செம்பு கறுத்திருந்தால் தண்ணீர் ஏறிவிட்டது என்று அர்த்தம், பளபளப்பு வருகிற வரைக்கும் வெட்டிப் புதுக் கனெக்டர் போடுங்கள். ஸ்பீக்கரைத் திசைகாட்டிப் பக்கம் வைத்து மாட்டிவிடுகிறவர்களும் உண்டு, உள்ளே காந்தம் இருக்கிறது, பக்கத்தில் கொண்டுபோனாலே முள் திரும்புவதைக் கண்ணாலேயே பார்க்கலாம், தள்ளி வையுங்கள்.

கட்டியிருக்கிற இடத்திலேயே ஜிபிஎஸ்ஸை ஓடவிட்டு, நோட்டில் எழுதி வைத்திருக்கிற துறைமுகப் பாயிண்ட்டோடு ஒத்துப் பாருங்கள். வயர்லெஸ்ஸில் பக்கத்துப் படகைக் கூப்பிட்டுப் பேசிப் பாருங்கள், சேனல் 16 கேட்கிறதா என்று பாருங்கள், ஆனால் சோதனைப் பேச்சை அதில் நீட்டாதீர்கள், அது ஆபத்துக் கால சேனல். கடலோரக் காவல்படையின் 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093, இரண்டையும் கேபின் சுவரில் பெயிண்ட்டால் எழுதி வையுங்கள், செல்போனில் மட்டும் இருந்தால் அது நனைந்த அன்றைக்கு உதவாது. முகத்துவாரத்தில் மணல் எப்படி நகர்ந்திருக்கிறது என்று தெரியாது, புயலுக்குப் பிறகு பழைய பாதையை நம்ப முடியாது, எக்கோ சவுண்டரைப் போட்டுக்கொண்டே மெதுவாக வெளியே போங்கள், முதல் நடைக்கு மட்டும் செட்டு நன்றாக இருக்கிற இன்னொரு படகோடு சேர்ந்து போய்வாருங்கள்.